‘குண்டாயிடுவேன்’னு சொல்லாத பேஷண்ட்

1980கள்ல ஹாங்காங்ல சிங் லீன்னு ஒரு மனநல டாக்டர். அவர்கிட்ட வந்த சில பேஷண்டுங்க எலும்பும் தோலுமா இருந்தாங்க, மாசக்கணக்கா சரியா சாப்பிடல, பீரியட்ஸ் நின்னு போச்சு, கை காலெல்லாம் சில்லுனு இருக்கு. டெக்ஸ்ட்புக்க வச்சுப் பாத்தா இது அனோரெக்ஸியா நெர்வோஸா, அதாவது உடம்பு உருகிப் போற அளவுக்கு சாப்பாட்ட ஒதுக்கற மனநோய், சந்தேகமே இல்ல. ஆனா அதே டெக்ஸ்ட்புக் இன்னொண்ணையும் கேக்கச் சொல்லுது, “குண்டாயிடுவோம்னு பயமா இருக்கா?”ன்னு. அதக் கேட்டா பல பேர் முழிச்சாங்க. குண்டா? அப்படில்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், வயிறு உப்புசமா இருக்கு, பசியே எடுக்கல, சாப்பிட்டா நெஞ்சுலயே நிக்குதுன்னாங்க. 1993ல அவரும் கூட இருந்தவங்களும் 70 பேஷண்டுகள வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, அதுல 41 பேருக்கு அந்த பயமே இல்ல. பத்துல கிட்டத்தட்ட ஆறு பேர். அப்போ இருந்த அளவுகோல் படி இவங்களுக்கு அனோரெக்ஸியான்னு எழுதவே முடியாது, ஏன்னா குண்டாயிடுவோம்ங்கற பயம் இருந்தாத்தான் அந்தப் பேரு.

அப்புறம் 1994 நவம்பர்ல ஹாங்காங்ல ஒரு 14 வயசு ஸ்கூல் பொண்ணு, நட்ட நடு ரோட்டுல, பட்டப்பகல்ல விழுந்து இறந்து போச்சு. பேப்பர்காரங்களுக்கு இது என்ன வியாதின்னே தெரியல, தேடிப் பாத்தாங்க, கிடைச்சதெல்லாம் மேற்கத்திய நாட்டு விளக்கம்தான், டயட்டு, ஒல்லியா இருக்கணும்ங்கற ஆசை, மாடலுங்க, கண்ணாடில பாத்தா குண்டா தெரியறது, அதையே எழுதினாங்க, ஸ்கூல்ல விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது, டிவில பேசினாங்க. அடுத்தடுத்த வருஷங்கள்ல லீ கிட்ட வந்தவங்க மெல்ல மெல்ல “குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு”ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. 1987லேர்ந்து 2007 வரைக்கும் அவர் பாத்த கேஸ்கள வரிசையா வச்சுப் பாத்தப்ப அந்த பயம் சொல்றவங்க பங்கு கூடிக்கிட்டே போச்சு, வயிறு உப்புசக்காரங்க குறைஞ்சாங்க.

இத ரெண்டு விதமா வாசிக்கலாம். மீடியாதான் வியாதியக் கத்துக் கொடுத்துச்சுன்னு ஒரு கட்சி. வியாதி முன்னாடியே இருந்துச்சு, அதுக்குப் பேச வார்த்தைய மட்டும்தான் மீடியா கொடுத்துச்சுன்னு இன்னொரு கட்சி. நான் பெரும்பாலும் ரெண்டாவது கட்சி, ஆனா முழுசா இல்ல, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். இந்த வியாதிக்கு மருத்துவத்துல பேரு கிடைச்சது 1873ல, அதுவும் ஒரே வருஷத்துல ரெண்டு ஊர்ல. பாரிஸ்ல சார்ல்ஸ் லசேக், லண்டன்ல வில்லியம் கல். இந்த கல் விக்டோரியா ராணியோட டாக்டர்கள்ல ஒருத்தர், ‘அனோரெக்ஸியா நெர்வோஸா’ங்கற பேரு அவர் வச்சதுதான். ரெண்டு பேரும் பேஷண்டுகளப் பத்தி விலாவாரியா எழுதியிருக்காங்க, எவ்வளவு இளைச்சிருந்தாங்க, நாடி எவ்வளவு மெதுவா அடிச்சுது, அந்த நிலைமையிலயும் எப்படி ஓயாம நடந்துக்கிட்டே இருந்தாங்கன்னு எல்லாம் இருக்கு. குண்டாயிடுவோம்ங்கற பயம் மட்டும் ரெண்டுலயும் ஒரு வரி கூட இல்ல. லசேக் எழுதினது என்னன்னா, சாப்பிட்டதும் வயித்துல ஒரு சங்கடம், நிறைஞ்ச மாதிரி ஒரு உணர்வு, அதுலதான் ஆரம்பிக்குதுன்னு. அதாவது 120 வருஷம் கழிச்சு ஹாங்காங்ல சொன்ன அதே கம்ப்ளெயிண்ட்! அப்போ எது ஒரிஜினல், எது வித்தியாசமான வகைன்னு கேட்டா டெக்ஸ்ட்புக்தான் கொஞ்சம் நெளியணும்.

இன்னும் பின்னாடி போனா சியன்னா நகரத்து கேத்தரின், 1380ல 33 வயசுல இறந்தவங்க, பின்னாடி புனிதர் ஆக்கப்பட்டாங்க. அவங்க சாப்பிடாம இருந்ததுக்கு சொல்லப்பட்ட காரணம் கடவுள். சுத்தி இருந்த பாதிரியாருங்க சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியிருக்காங்க, அவங்களே ஒரு கடிதத்துல மத்தவங்க மாதிரி சாப்பிட முடியணும்னுதான் வேண்டிக்கறேன், இது எனக்கு ஒரு நோய் மாதிரிங்கற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. இதுக்கு இன்னைக்கு நாம வச்ச பேர ஒட்டலாமான்னு வரலாற்றுக்காரங்க நடுவுல பெரிய சண்டையே இருக்கு, அந்தக் காலத்து விரதத்த இந்தக் காலத்து வியாதியா பாக்குறது தப்புன்னு ஒரு பக்கம் சொல்லுது, அதுல நியாயமும் இருக்கு. நான் இங்க எடுத்துக்கறது ஒரே விஷயம், பட்டினியும் அத நிறுத்த முடியாம போறதும் ஒரே மாதிரி இருக்க, சொல்ற காரணம் மட்டும் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு. ஒரு காலத்துல பக்தி, ஒரு காலத்துல வயிறு, நம்ம காலத்துல எடை.

குண்டாயிடுவோம்ங்கற பயம் இந்த வியாதியோட மையமா உக்காந்தது 20ஆம் நூற்றாண்டோட பாதிக்கு அப்புறம்தான். நடுவுல ஒரு கூத்து வேற நடந்துச்சு, 1914ல ஜெர்மனில சிம்மண்ட்ஸ்னு ஒருத்தர் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போயி ஆள் உருக்குலைஞ்சு போற ஒரு வியாதிய விவரிச்சாரு, ஒடனே ஒல்லியா உருகிப்போற கேஸெல்லாம் பிட்யூட்டரி கேஸ்னு எடுத்துக்கிட்டு பல வருஷம் சுரப்பிச் சாறு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் ஹில்டே ப்ரூக்னு ஒரு மனநல டாக்டர் வந்து, தன் உடம்பத் தானே தப்பாப் பாக்குறதுதான் பிரச்சனைன்னாங்க, லண்டன்ல ஜெரால்ட் ரஸ்ஸல் குண்டாகறதப் பத்தின பயத்த முன்னாடி வச்சாரு. இதே ரஸ்ஸல்தான் 1979ல 30 பேஷண்டுகள வச்சு புலிமியா நெர்வோஸாவுக்குப் பேர் வச்சாரு. கட்டுக்கடங்காம சாப்பிடறது, அப்புறம் குற்ற உணர்ச்சி, அத ஈடுகட்டப் பாக்குறதுன்னு சுத்திச் சுத்தி வர்ற அந்த வட்டம். எடை நார்மலா இருக்கலாம், அதனால வெளிய யாருக்கும் தெரியாது.

சரி, காரணம் மாறுதுன்னா மாறாதது எது?

அதுக்கு 1944க்குப் போகணும். அமெரிக்காவுல மின்னசோட்டா யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துக்குக் கீழ இருந்த ஒரு லேப். ஆன்சல் கீஸ்னு ஒரு உடலியல் ஆய்வாளர் 36 இளைஞர்கள எடுத்தாரு, எல்லாரும் போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்கலன்னு மறுத்தவங்க, தாங்களா முன்வந்தவங்க, உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு டெஸ்ட் பண்ணித் தேர்ந்தெடுத்தவங்க. ஐரோப்பாவுல போர் முடிஞ்சா பஞ்சத்துல கிடக்கறவங்களுக்கு எப்படி சாப்பாடு கொடுத்து தேத்தறதுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்காக இவங்களுக்கு 24 வாரம் வழக்கமா சாப்பிடறதுல கிட்டத்தட்ட பாதிதான், கூடவே வாராவாரம் 35 கிலோமீட்டர் நடை. இவங்க யாருக்கும் ஒல்லியாகணும்னு ஆசை கிடையாது, ஃபேஷன் பத்திரிகை படிக்கறவங்களும் இல்ல. ஆனா என்ன ஆச்சுன்னு பாருங்க. சமையல் புத்தகம் படிக்க ஆரம்பிச்சாங்க. சமையல் குறிப்பு சேத்து வச்சாங்க. தட்ட நக்கினாங்க. ஒரு வேளை சாப்பாட்ட ரெண்டு மணி நேரம் இழுத்து இழுத்து சாப்பிட்டாங்க, சூயிங்கம் பாக்கெட் பாக்கெட்டா மென்னாங்க. மனசு சோர்ந்து போச்சு, எரிஞ்சு விழுந்தாங்க, யாரோடயும் பேசப் பிடிக்கல, கோடையிலயும் குளிருச்சு, நாடி குறைஞ்சுது. எனக்கு இதுல ரொம்ப உறுத்தற விஷயம், அவங்கள்ல சிலருக்குத் தாங்க ஒல்லியா இருக்கறதாவே தெரியல, மத்தவங்கதான் ரொம்ப குண்டா இருக்கற மாதிரி பட்டுச்சு. பட்டினி முடிஞ்சு சாப்பாடு தாராளமா கிடைச்சப்புறமும் வயிறு முட்ட சாப்பிட்டும் பசி அடங்கல, மாசக்கணக்கா.

அனோரெக்ஸியா வார்டுல இருக்கற ஒருத்தர எடுத்துக்கோங்க. சாப்பாட்ட துண்டு துண்டா வெட்டி நகத்திக்கிட்டு இருக்கறது, தான் சாப்பிடாம மத்தவங்களுக்கு சமைச்சுப் போடறது, சமையல் வீடியோவாப் பாத்துக்கிட்டு இருக்கறது, அடம், எரிச்சல், தனிமை. பாக்குறவங்க ‘திமிரு’ன்னுவாங்க, ‘நடிப்பு’ன்னுவாங்க, வீட்டுலயே சொல்லுவாங்க. ஆனா இதுல பாதி அந்த ஆளோட குணமே இல்ல, பட்டினியோட குணம். ஆரோக்கியமான 36 ஆம்பளைங்களுக்கே ஆறு மாசத்துல வந்த குணம். இதனாலதான் மொதல்ல சாப்பாடு, பேச்சு அப்புறம்னு டாக்டருங்க சொல்றாங்க, மூளை பட்டினில இருக்கறப்ப கவுன்சிலிங்ல என்ன பேசினாலும் உள்ள இறங்காது.

ஆனா மின்னசோட்டா ஆளுங்களுக்கு சாப்பாடு வேணும்னு இருந்துச்சு, கனவுல கூட சாப்பாடு. அனோரெக்ஸியா உள்ளவங்களுக்கு சாப்பிடாம இருந்தா ஒரு நிம்மதி, பதட்டம் குறையுது, சாப்பிட்டா பதட்டம் ஏறுது. பட்டினி எல்லாருக்கும் வேதனையா இருக்க சிலருக்கு மட்டும் அது ஏன் ஆறுதலா இருக்குன்னா, அங்கதான் உடம்புவாகு வருது. 2019ல கிட்டத்தட்ட 17,000 அனோரெக்ஸியா பேஷண்டுகளோட மரபணுக்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, அதுல 8 இடங்கள்ல தொடர்பு தெரிஞ்சுது, அதுவும் மனநோய்களோட மட்டும் இல்ல, சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை இதையெல்லாம் நிர்வகிக்கற மரபணுக்களோடயும் ஒட்டி இருந்துச்சு. அப்படி ஒரு வாகு இருக்கறவங்க ஏதோ ஒரு காரணத்துக்காக சாப்பாட்டக் குறைக்கறாங்க, அது டயட்டா இருக்கலாம், காய்ச்சலா இருக்கலாம், விளையாட்டுக்காக இருக்கலாம், விரதமா இருக்கலாம், எதுல உள்ள போனாலும் பள்ளம் ஒண்ணுதான்.

எத்தன பேர் அந்தப் பள்ளத்தோட விளிம்புக்குப் போறாங்கங்கறது மட்டும் ஊரப் பொறுத்தது. நான் முழுசா ரெண்டாவது கட்சி இல்லன்னு சொன்னது இதுக்காகத்தான், இதுக்கு சாட்சி ஃபிஜி.

ஃபிஜி தீவுகள்ல நட்ரோகான்னு ஒரு பகுதி. அங்க நல்லா வாட்டசாட்டமா இருக்கறதுதான் அழகு, ஒருத்தர் இளைச்சுட்டா அவங்கள சுத்தி இருக்கறவங்க சரியா கவனிக்கலன்னு அர்த்தம். பசி குறையறதுக்கு ‘மதாக்கே’ன்னு ஒரு வியாதிப் பேரே வச்சிருந்தாங்க, யாராவது சரியா சாப்பிடலன்னா ஒடனே வீடே பதறிப்போய் நாட்டு மருந்து கொடுக்கும். அந்த ஊருக்கு 1995ல டிவி வந்துச்சு. ஆன் பெக்கர்னு ஹார்வர்ட்ல இருந்த ஒரு மானிடவியலாளர், மனநல டாக்டரும் கூட, டிவி வந்த சில வாரத்துலயே ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட ஒரு கேள்வித்தாள் கொடுத்து வாங்கினாங்க, மூணு வருஷம் கழிச்சு 1998ல அதே வயசுப் பொண்ணுங்ககிட்ட மறுபடி வாங்கினாங்க. உணவு விஷயத்துல கவலைப்படற மாதிரி ஸ்கோர் வந்தவங்க 12.7 சதவீதத்துலேர்ந்து 29.2 ஆயிட்டாங்க. எடையக் குறைக்க வாந்தி எடுக்கறோம்னு 1995ல ஒருத்தர் கூட சொல்லல, 1998ல 11.3 சதவீதம் பேர் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கேட்டது அறுபத்து சொச்சம் பேர்கிட்டதான், கேள்வித்தாள் ஸ்கோர் வேற, டாக்டர் பாத்து முடிவு பண்ற வியாதி வேற, இத மறந்துட்டு ‘டிவி வந்து ஃபிஜில அனோரெக்ஸியா பரவிடுச்சு’ன்னு சுத்தி விடறவங்க நிறைய பேர்.

இதுல நம்பரை விட முக்கியமானது அந்தப் பொண்ணுங்க சொன்ன காரணம். அழகா இருக்கணும்னு மட்டும் சொல்லல. டிவில வர்ற பொண்ணுங்க வேலைக்குப் போறாங்க, சம்பாதிக்கறாங்க, அவங்க ஒல்லியா இருக்காங்க, நாங்களும் அப்படி இருந்தா எங்களுக்கும் அந்த மாதிரி வேலை கிடைக்கும்னாங்க. ஊரே மாறிக்கிட்டு இருக்கறப்ப, புது வாழ்க்கைக்கு எது டிக்கெட்டுன்னு புரியாம, கைக்குக் கிடைச்ச ஒண்ணப் பிடிச்சுக்கிட்டாங்க, அது உடம்பு. பெக்கர் குழு 2011ல இன்னும் பெரிய ஆய்வு ஒண்ணு வெளியிட்டாங்க, அதுல தெரிஞ்சது இன்னும் சுவாரஸ்யம், பொண்ணு தானா டிவி பாக்குறத விட அவளோட ஃப்ரெண்ட்ஸ் எவ்வளவு மீடியா பாக்குறாங்கங்கறதுதான் அதிகமா ஒட்டி வந்துச்சு. வீட்டுல டிவிய ஆஃப் பண்ணிட்டா போதும்னு நெனைக்கற அப்பா அம்மாவுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான், ஃபோனப் பிடுங்கி வைக்கறவங்களுக்கும் அதே கதை.

கரீபியன்ல குராசாவ் தீவுல 1990கள்ல ஒரு கணக்கெடுப்பு, அங்க கிடைச்ச அனோரெக்ஸியா கேஸ்கள் எல்லாம் வெள்ளையர் இல்லன்னா கலப்பினக் குடும்பத்துப் பொண்ணுங்க, தீவோட பெரும்பான்மையா இருக்கற கறுப்பின மக்கள்ல ஒரு கேஸ் கூட இல்ல. ரெண்டு உலகத்துக்கு நடுவுல நிக்கறவங்கதான் மாட்டறாங்க போல. ஆனா புலிமியாவுக்கும் அனோரெக்ஸியாவுக்கும் இங்க ஒரு வித்தியாசம் உண்டு, புலிமியா 20ஆம் நூற்றாண்டோட கடைசிலதான் பெருசா கிளம்புச்சு, கலாச்சாரத்தோட கை அதுல ரொம்ப பலமா தெரியுது. அனோரெக்ஸியா பழசு, எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு முகத்தோட இருக்கு.

சட்டம் போட்டும் பாத்தாங்க. இஸ்ரேல் 2012ல ரொம்ப ஒல்லியான மாடலுங்கள விளம்பரத்துல காட்டக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்துச்சு, பிரான்ஸ்ல 2017லேர்ந்து மாடலுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும், உடம்ப மாத்தி எடிட் பண்ண விளம்பரப் படம்னா அதுல அப்படின்னு எழுதணும். எழுதினா பாக்குறவங்களுக்குத் தன் உடம்பு மேல இருக்கற வெறுப்பு குறையுதான்னு பல சோதனை பண்ணிட்டாங்க, பெருசா குறையல. எடிட் பண்ணதுன்னு தெரிஞ்சாலும் கண்ணு ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டேதான் இருக்கு.

இப்ப டாக்டர் ரூமுக்குள்ள வருவோம், ஏன்னா கலாச்சாரம் பேஷண்டோட தலைக்குள்ள மட்டும் இல்ல, டாக்டர் தலைக்குள்ளயும் இருக்கு.

வயிறு உப்புசம்னு ஒரு பொண்ணு வயித்து டாக்டர்கிட்ட போறான்னு வைங்க. ஸ்கோப் போட்டுப் பாக்குறாங்க, நார்மல். ரத்த டெஸ்ட், நார்மல். “ஒண்ணும் இல்லம்மா, நேரத்துக்கு நல்லா சாப்பிடு, டென்ஷன் ஆகாத.” அம்மாவுக்கு நிம்மதி, பொண்ணுக்கு அத விட நிம்மதி. ஆனா பட்டினில கிடந்தா வயிறு காலியாகற வேகமே குறைஞ்சு போயிடும், உப்புசம் நிஜம், பொய் இல்ல, அது வியாதியோட காரணமா விளைவான்னு யாரும் கேக்கல. ரத்த டெஸ்ட் நார்மலா வர்றதும் அப்படித்தான், உடம்பு கடைசி வரைக்கும் ரத்தத்துல அளவ தக்க வச்சுக்கப் பாக்கும், சாமான் தீந்து போன கடையில முன்னாடி ஷெல்ஃப்ல மட்டும் அடுக்கி வச்ச மாதிரி. அப்புறம் பீரியட்ஸ் வரலன்னு மகளிர் டாக்டர், மாத்திரை கொடுத்து வர வைக்கறாங்க, ஆக அந்த ஒரு அடையாளமும் மறைஞ்சு போச்சு. புலிமியாவ மொதல்ல கண்டுபிடிக்கறது பல தடவை பல் டாக்டருங்கதான், ஆசிட் பட்டுப் பட்டு முன்பல்லோட உள்பக்கம் எனாமல் தேஞ்சிருக்கும், கன்னத்துக்குக் கீழ எச்சில் சுரப்பி வீங்கியிருக்கும். நல்ல பல் டாக்டர்னா தனியா கூப்பிட்டு மெதுவா கேப்பாரு. எல்லாரும் கேக்கறதில்ல.

ஆம்பளைப் பசங்க கதை இன்னும் மோசம். 2013 வரைக்கும் அமெரிக்க மனநல சங்கத்தோட அளவுகோல்ல அனோரெக்ஸியான்னு சொல்ல பீரியட்ஸ் நின்னிருக்கணும்னு ஒரு விதி இருந்துச்சு. பையனுக்கு எங்க போறது? வயசுக்கே வராத 11 வயசுப் பொண்ணுக்கு? 2013ல வந்த அஞ்சாவது பதிப்புல அத எடுத்துட்டாங்க. பயத்த வாயால சொல்லணும்ங்கறதும் கட்டாயம் இல்ல, எடை கூடறதத் தடுக்கற மாதிரி தொடர்ந்து நடந்துக்கிட்டாலே போதும்னு மாத்தினாங்க, ஹாங்காங் பேஷண்டுகளுக்கு 20 வருஷம் கழிச்சு இடம் கிடைச்சுது. அதே பதிப்புலதான் அளவு மீறி சாப்பிடற கோளாறு, அதான் பிஞ்ச் ஈட்டிங், தனி வியாதியா வந்துச்சு, இது ஒல்லிக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும், அதனால ‘வாயக் கட்டு’ன்னு அட்வைஸோட முடிஞ்சிடும். குண்டாகற பயம் சுத்தமா இல்லாம, தொண்டைல மாட்டிக்கும்னு பயம், வாசனை பிடிக்கல, சாப்பாட்டு மேல ஆர்வமே இல்லன்னு ஒதுக்கறவங்களுக்கும் ஆர்ஃபிட்னு ஒரு பேரு அப்பத்தான் வந்துச்சு. பசங்களுக்கு ஒல்லிய விட உடம்பு முறுக்கா இருக்கணும்ங்கற வெறி, ஜிம், புரோட்டீன்னு போறதால வீட்டுல பெருமையா வேற பாப்பாங்க.

எல்லாத்தையும் விட ஆபத்தானது எடை நார்மலா இருக்கறவங்க. முன்னாடி குண்டா இருந்த ஒரு பையன் நாலு மாசத்துல மளமளன்னு இளைச்சுட்டான், இப்பத்தான் சார்ட்டுல ‘நார்மல்’ கட்டத்துக்கு வந்திருக்கான். ஸ்கூல்ல கைதட்டறாங்க, சொந்தக்காரங்க “அட, எப்படிடா இப்படி இளைச்ச, எனக்கும் சொல்லேன்”ங்கறாங்க, டாக்டரே “வெரி குட், கீப் இட் அப்”ங்கறாரு. உள்ள நாடி 45ல அடிக்குது. இந்த மாதிரி கேஸ்கள்லயும் எலும்பும் தோலுமா இருக்கறவங்களுக்கு வர்ற அதே இதயப் பிரச்சனை வருதுன்னு இப்ப நல்லாவே தெரியும், எவ்வளவு எடை இருக்குங்கறத விட எவ்வளவு வேகமா, எவ்வளவு இழந்தாங்கங்கறதுதான் முக்கியம். எடை மிஷின மட்டும் பாத்து ‘இவனுக்கு எங்க அனோரெக்ஸியா’ன்னு அனுப்பறது மருத்துவமே இல்ல, வெறும் கண்ணால பாத்து முடிவு பண்றது, அத ரோட்டுல போறவங்களே பண்ணிடுவாங்க.

வளரிளம் வயசுல பகல்ல முழிச்சிருக்கறப்பவே நாடி 50க்குக் கீழ போனா, எழுந்து நிக்கறப்ப பிரஷர் சர்ருனு இறங்கினா, பொட்டாசியம் குறைஞ்சா, மயங்கி விழுந்தா, ஆஸ்பத்திரில சேக்கணும். ‘விளையாடற பசங்களுக்கு நாடி அப்படித்தான் இருக்கும்’ங்கற சமாதானம் இங்க செல்லாது, இளைச்சுப் போன ஆளோட மெதுவான நாடி பலம் இல்ல, இதயத் தசையும் கரைஞ்சு போச்சுங்கறதோட அடையாளம். பொட்டாசியம் குறையறது வாந்தி எடுக்கறவங்களுக்கு அடிக்கடி, அது திடீர்னு இதயத் துடிப்பக் கோளாறாக்கிடும், முந்தின நாள் வரைக்கும் காலேஜ் போய்க்கிட்டு இருந்த ஆளு கூட. அனோரெக்ஸியா உள்ளவங்க இறக்கற வாய்ப்பு அதே வயசு மத்தவங்கள விட கிட்டத்தட்ட 6 மடங்குன்னு 2011ல வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லுது, அப்படி இறந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் தற்கொலை. ஆக உடம்ப மட்டும் பாக்குற டாக்டர் போதாது, மனச மட்டும் பாக்குற டாக்டரும் போதாது.

சேத்ததும் ஒரு முரண், காப்பாத்தற சாப்பாடே ஆளக் கொல்லலாம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்ப சிறை முகாம்கள்லேர்ந்து விடுவிக்கப்பட்டவங்களுக்கு வயிறாரப் போட்டப்ப சிலர் இறந்து போனாங்க, ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு இப்ப சொல்றோம். பட்டினில உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிச்சு ஓட்டுது, பாஸ்பேட் கையிருப்பு உள்ள கரைஞ்சு போயிருக்கும், ரத்தத்துல மட்டும் நார்மலாத் தெரியும். மாவுச்சத்து உள்ள வந்ததும் இன்சுலின் சுரக்குது, அது சர்க்கரையோட சேத்து பாஸ்பேட்டையும் செல்லுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிடுது, ரத்தத்துல திடீர்னு பாஸ்பேட் இல்ல, இதயத்துக்கும் மூச்சு விடற தசைக்கும் எரிபொருள் இல்ல. மொத வாரம் பத்து நாள்தான் கண்டம். அதனால தினமும் ரத்தம் எடுப்பாங்க, தயாமின், அதாவது வைட்டமின் பி1 கொடுப்பாங்க, சாப்பாட்ட படிப்படியா ஏத்துவாங்க. ஆனா இந்த பயத்துலயே ரொம்பக் கம்மியாக் கொடுத்து, ஆஸ்பத்திரில சேத்தப்புறமும் எடை இறங்கிப்போன கேஸும் உண்டு, அதுக்கப்புறம்தான் பல இடங்கள்ல கண்காணிப்போட கொஞ்சம் அதிகமாவே ஆரம்பிக்கலாம்னு வந்திருக்காங்க. ‘அவளா ஆசைப்பட்டு சாப்பிடட்டும்’னு வார்டுல காத்துக்கிட்டு இருக்கறதுக்கு இங்க நேரம் கிடையாது. வீட்டுலயும், நாள்கணக்கா சாப்பிடாத ஒருத்தருக்கு நாமளே திடீர்னு நிறைய ஊட்டி சரி பண்ணிடலாம்னு இறங்கக் கூடாது, மொதல்ல டாக்டர்.

மருந்து பத்தி சுருக்கமாவே சொல்லிடலாம், ஏன்னா சொல்ல அதிகம் இல்ல. புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸெடின்ங்கற மனச்சோர்வு மருந்து உதவுது, அளவு மீறி சாப்பிடறதுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் 2015ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, அனோரெக்ஸியாவுக்கு அப்படி அனுமதி வாங்கின மருந்து ஒண்ணு கூட அங்க இல்ல. சாப்பாடுதான் மருந்துன்னு சொல்றது பேச்சுக்காக இல்ல. பெரியவங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கின பேச்சு சிகிச்சை இருக்கு, எடை குறைவா இல்லாதவங்களுக்கு சுமார் 20 வாரம், மொத வேலையே நேரத்துக்கு சாப்பிடறது, பசிச்சாலும் பசிக்கலன்னாலும். புலிமியாவுல பாதி வட்டம் அதுலயே உடையும், ஏன்னா பகல் பூரா பட்டினி கிடக்கறதாலதான் ராத்திரி கட்டு மீறுது.

பசங்களுக்கான சிகிச்சைக் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1873ல அந்த வில்லியம் கல் என்ன எழுதினாருன்னா, பேஷண்டுக்கு நேரம் தவறாம சாப்பாடு கொடுக்கணும், அவங்கள அடக்கி நடத்தத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும், சொந்தக்காரங்களும் நண்பர்களும்தான் பொதுவா ரொம்ப மோசமான பாதுகாவலர்கள்னு. அந்த ஒரு வரி நூறு வருஷம் ஓடுச்சு. பொண்ண அப்பா அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு வார்டுல போடு, எடை ஏறினாத்தான் அம்மாவப் பாக்கலாம்னு பரிசு மாதிரி வை, குடும்பம்தான் காரணம்னு நோட்ஸ்ல எழுது. எத்தன அம்மாக்கள் இந்தப் பழியத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பாங்க! 1980கள்ல லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில அதே ரஸ்ஸலும் கிறிஸ்டஃபர் டேரும் ஐவன் ஐஸ்லரும் சேந்து இதத் தலைகீழாத் திருப்பிப் பாத்தாங்க, குடும்பத்துக்கிட்டயே பொறுப்பக் கொடுத்தாங்க. 1987ல வந்த முடிவுல, சின்ன வயசுல ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்குள்ள வந்த பசங்களுக்கு குடும்ப சிகிச்சைதான் நல்லா வேலை செஞ்சுது. ‘மோசமான பாதுகாவலர்கள்’ கைலயே கரண்டியக் கொடுத்தாச்சு.

அந்த சிகிச்சைல ரெண்டாவது சந்திப்பு எப்படின்னா, குடும்பமே சாப்பாடு கட்டிக்கிட்டு வரணும். தெரபிஸ்ட் ரூம்லயே தட்டுப் போட்டு உக்காருவாங்க, தெரபிஸ்ட் சாப்பிட மாட்டாரு, பாத்துக்கிட்டு இருப்பாரு. பொண்ணு கொஞ்சம் சாப்பிட்டுட்டு “போதும்மா”ங்கும். அம்மா அப்பாவப் பாப்பாங்க. அப்பா ஜன்னலப் பாப்பாரு. “சரி விடு, டாக்டர் முன்னாடி அழ வைக்காத”ன்னு அவரு முணுமுணுக்க, அம்மாவுக்கு சுர்ருனு ஏறும். அப்போ தெரபிஸ்ட் மெதுவா சொல்லுவாரு, ரெண்டு பேரும் அவளுக்கு ரெண்டு பக்கமும் நெருங்கி உக்காருங்க, ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொல்லுங்க, திட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், விளக்கம் கொடுக்க வேண்டாம், அவ சாப்பிட நெனைச்சத விட ஒரே ஒரு வாய் அதிகம், அவ்வளவுதான் இன்னைக்கு வேலை. “இன்னும் ஒரு வாய்டா கண்ணு.” “முடியாதும்மா.” “தெரியும்டா. இன்னும் ஒரு வாய்.” கத்தும், அழும், தட்டத் தள்ளும், ‘என்ன நீங்க வெறுக்கறீங்க’ன்னும். அது பேசறது பொண்ணு இல்ல, வியாதின்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக் கொடுக்கறதும் அதே ரூம்லதான். யார் தப்புன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க, ஏன் சாப்பிடலன்னும் கேக்க மாட்டாங்க. காரணம் கடவுளோ, வயிறோ, கண்ணாடியோ, அந்த ஒரு வாய்க்கு அது தேவையில்ல. எடை ஏறி மூளை தெளிஞ்சப்புறம் பேசறதுக்கு கடைசிக் கட்டம்னு ஒண்ணு தனியா வச்சிருக்காங்க.

இது எல்லாருக்கும் பலிக்காது, வீட்டுல அடி உதை நடக்கற இடத்துல பண்ணவே கூடாது, பெரியவங்களுக்கு இத அப்படியே எடுத்துக்கவும் முடியாது. பல வருஷமா வியாதியோட இருக்கற பெரியவங்க விஷயத்துலதான் மருத்துவம் சீக்கிரம் கைய விரிச்சிடுது. பாஸ்டன்ல 200க்கு மேல பெண்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து 2017ல ஒரு ஆய்வு வெளியாச்சு. அனோரெக்ஸியாவுல ஒம்பதாவது வருஷம் பாத்தப்ப 100க்கு 31 பேர்தான் குணமாகியிருந்தாங்க. இருபத்தி ரெண்டாவது வருஷம் பாத்தப்ப 63 பேர். ஒம்பது வருஷத்துல தேறாதவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் அதுக்கு அப்புறம் தேறியிருக்காங்க, பல ஆஸ்பத்திரி ஃபைல்ல ‘நாள்பட்ட கேஸ்’னு எழுதி மூடி வைக்கற கட்டத்துக்கு அப்புறம்.